ரொக்கமும் நாணயமும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருளில் வழங்குகின்றது. கையில் புரளும் காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் அதுவே பெயர். 'இவர் நாணயமான மனிதர்' என்று ஒருவரைப் பற்றிக் கூறும்போது அவர் பெட்டியிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு நாம் அப்படிக் கூறுவதில்லை. இரண்டும் ஒரே சொல்லாய் நின்றதற்கு மொழிநூலார் கூறும் காரணம் எதுவாயினும் ஆகுக. நமக்குப் புலப்படுவது ஒன்றுண்டு. காசென்பது கொடுப்பவர் இன்னார் என்று கேளாமலே ஏற்கப்படும் பொருளாகும். துரையின் சட்டைப்பையிலிருந்து வந்தாலும், கொழுந்து பறிப்பவளின் முந்தானை முடிச்சிலிருந்து வந்தாலும், ஒரு வெள்ளி ஒரு வெள்ளியே. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளவொட்டாமல் ஒரு கூட்டத்தாரைத் தடுத்து வைத்த பெரியோர்களும், அக்கூட்டத்தாரின் காசை மாத்திரம் தீட்டென்று தள்ளிவிட்டதாக நாம் கேட்டதில்லை. தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார்கள், ஆனால் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தகைய காசைப் பணங்காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஸ்தாபனம், 'நேரில் வாங்கிக்கொள்ள எம்மிடம் வழியில்லை' என்று கூறுமாயின் அஃது ஆராயத்தக்க விஷயமன்றோ? நாம் எடுத்துக்கொண்டது மின்னிலக்க வங்கிகளைப் பற்றியது.

மலேசியாவின் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா, 2022 ஏப்ரல் 29-ஆம் நாள், மின்னிலக்க வங்கி நடத்துதற்கு உரிமம் பெறுவோர் ஐவரின் பெயர்களை வெளியிட்டது. அவர்களுள் முதலாவதாக ஜி.எக்ஸ். வங்கி 2023 நவம்பரில் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. 2024-இல் ஏயோன் வங்கியும் பூஸ்ட் வங்கியும் தொடர்ந்தன. கதவு என்று நாம் கூறியது பழைய வழக்கம் பற்றியே. இவற்றிற்குத் தெருவில் வாசல் கிடையாது, கைப்பேசிதான் வாசல். அடையாள அட்டையையும் முகத்தையும் படம்பிடித்து அனுப்பினால், ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் கணக்குத் திறந்துவிடும். வட்டியும் நாள்தோறும் சேர்கிறது. வேறெந்த வங்கியிலும் உள்ளதுபோலவே, வைப்புத் தொகைக்கு 250,000 வெள்ளி வரையில் வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பும் உண்டு. பணத்தை எடுக்க வேண்டுமாயின் மற்ற வங்கிகளின் இயந்திரங்களில் அட்டையைச் செருகி எடுத்துக்கொள்ளலாம். கையிலுள்ள நோட்டை உள்ளே போடுவதற்குத்தான் இடமில்லை. முன்னமே வேறொரு வங்கியில் கணக்குடையவர் அதிலிருந்து மாற்றி அனுப்புவதே பணம் உள்ளே புகும் வழக்கமான வழி.

இவ்வங்கிகளைப் பழிப்பது நம் கருத்தன்று. ரொக்கம் என்பது செலவு மிகுந்த பொருள். அதை எண்ண ஆள் வேண்டும். கள்ளநோட்டைப் பிரிக்கப் பொறி வேண்டும். இரும்புப் பெட்டியும் துப்பாக்கிக் காவலரோடு கூடிய வண்டியும் வேண்டும். கிளையும் கூடமும் இல்லாமையால் மிச்சமாகும் பணத்திலிருந்துதான் அதிக வட்டி கொடுக்க இயலுகிறது. ஆகவே, ரொக்கம் வாங்காமை இவர்களுடைய சோம்பலால் நேர்ந்ததன்று. அவர்களுடைய தொழிலின் அஸ்திவாரமே அது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்லவேண்டும்.

சட்டமும் அவர்களைத் தடுப்பதாயில்லை. மலேசிய நோட்டு ஒவ்வொன்றிலும், 'இந்நோட்டு இன்ன மதிப்புக்குச் செல்லுபடியாகும்' என்ற கருத்துடைய மலாய் வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயின் செல்லுபடி என்பது கடன் தீர்ப்பதைப் பற்றிய விதியாகும். நாம் ஒருவருக்குக் கடன்பட்டிருந்து, அதைத் தீர்க்க நோட்டை நீட்டினால் அவர் மறுத்தல் முறையன்று. 'என் பணத்தை உன்னிடம் வைத்துக்கொள்' என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் நமக்கு உரிமை கொடுக்கவில்லை. ஆதலின் வழக்குமன்றத்தில் இக்கேள்விக்கு விடையில்லை. நியாயம் என்ன என்றுதான் கேட்கலாம்.

அந்த நியாயத்தைக் கேட்க ஒரு காரணமும் இருக்கிறது. 2020 டிசம்பரில் பேங்க் நெகாரா வெளியிட்ட உரிம விதிகளின் நோக்கமாகக் கூறப்பட்டது யாதெனில், வங்கிச் சேவை எட்டாதவர்க்கும் போதிய அளவு கிட்டாதவர்க்கும் இவ்வங்கிகள் பயன்படவேண்டும் என்பதாம். எட்டாதவர் என்பார் யாவர்? கையில் ரொக்கம் மாத்திரம் உடையவர் அல்லரோ? அவர்களுக்காக எடுத்த வீட்டில், முன்னரே வேறு வீடு உடையவர் மாத்திரமே நுழையலாம் என்று வாசற்படி அமைந்திருக்கிறது. இம்முரண்பாட்டை எவரும் வேண்டுமென்று செய்தார் என்று நாம் கூறவில்லை. பட்டணத்தில் அமர்ந்து படம் வரைந்தவர்க்கு, வங்கிக் கணக்கில்லாத பணம் என ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்திராது.

அப்படிப்பட்ட பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார் ரிங்லெட்டுக்கு வரலாம். தாப்பாவிலிருந்து மலையேறும் பாதையில் சுமார் 45 கிலோமீட்டர் வந்தால் கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் அது. 1929-இல் ரசல் என்னும் வெள்ளையர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இதனை அடுத்தது. பின்னர்ச் சுற்றிலும் காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் பெருகின. தோட்டத்துச் சம்பளம் இப்போது ரொக்கமாக வருவதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், செல்லுபடியாகும் பணத்திலேயே கூலி கொடுக்கவேண்டும் என்று முதலில் விதித்திருந்தது. 2012-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கூலி வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவதே பொதுவிதியாயிற்று. எனவே வேலையில் உள்ளவருக்கு ஏதேனும் ஒரு வங்கியில் கணக்கு இருக்கிறது. அவர்களுக்கு நாம் கூறும் சங்கடம் அவ்வளவில்லை.

சங்கடம் வேலை ஓய்ந்தவர்க்கும், வேலையேட்டில் பெயர் ஏறாதவர்க்கும் உரியது. முப்பது வருஷம் கொழுந்து பறித்து, முதுகு வளைந்தபின் சனி ஞாயிறுகளில் சாலையோரம் வடை சுட்டு விற்கும் அம்மையார் இருக்கிறார். வீட்டிலிருந்தே இரவிக்கை தைத்துக் கொடுப்பவர் இருக்கிறார். முறுக்குப் பிழிந்து பொட்டலங் கட்டிக் கடைகளுக்குப் போடும் இளம்பெண் இருக்கிறார். இவர்களுக்கு வருவது ரொக்கம். கலியாணத்தில் எழுதும் மொய் ரொக்கம். சிநேகிதர் பத்துப்பேர் சேர்ந்து மாதந்தோறும் போடும் கூட்டு ரொக்கம். இந்தக் 'கூட்டு' என்னும் நம் சொல்லே மலாய்க்காரர் வாயிலும் புகுந்து, 1971-ஆம் ஆண்டில் அதைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்த சட்டத்தின் பெயரிலும் ஏறியிருக்கிறது. ஏழைகள் சேமிக்கத் தெரியாதவர் என்று உபந்நியாசம் செய்யும் கனவான்கள் இச்சட்டத்தின் பெயரையாவது ஒருமுறை படிக்கலாம். தெரியாதவர் நடத்தும் ஒன்றைத் தடுக்கச் சட்டம் எதற்கு?

மேற்கூறிய வடைக்கார அம்மையாருக்குக் கோலாலம்பூரில் வேலையிலிருக்கும் மகள், சென்ற தீபாவளிக்கு வந்தபோது கைப்பேசியில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாள். எந்த வங்கி என்பது இங்கே வேண்டியதில்லை. 'அம்மா, பிஸ்கட் டின்னில் கிடந்தால் காசு குட்டி போடாது. இதில் போட்டால் நாளுக்கு நாள் வளரும்' என்று சொல்லிப் போய்விட்டாள். மகள் சொன்னதில் பிழையில்லை. டின்னில் இருந்தது 480 வெள்ளி. பெரும்பாலும் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகள். அதை உள்ளே போடுவது எப்படி என்பதை மகளும் சொல்லவில்லை. கைப்பேசியும் தமிழில் சொல்லவில்லை. அம்மையார் அதைத் துணியில் முடிந்துகொண்டு தோட்ட ஆபீஸுக்கு வந்து, 'கிராணி ஐயா, இதை அந்தப் போனுக்குள்ளே போட்டுக் கொடுங்கள்' என்றார்.

நாம் அவ்வாபீஸில் கணக்கெழுதுகிறோம். ஆங்கிலப் பள்ளியில் படித்த குற்றத்துக்காக, லயத்தில் யார் கைப்பேசியில் என்ன வாசகம் வந்தாலும் அதைப் படித்துச் சொல்லும் உத்தியோகமும் சம்பளமில்லாமல் நமக்கே கிடைத்திருக்கிறது. நோட்டுகளை வாங்கி எண்ணினோம். நம் சம்பளக் கணக்கிலிருந்து அதே தொகையை அம்மையார் கணக்குக்கு அனுப்பினோம். 2018 டிசம்பரில் ஏற்பட்ட டுயிட்நவ் என்னும் ஏற்பாட்டால் வங்கிவிட்டு வங்கிக்குப் பணம் நொடியில் சென்றுவிடுகிறது. அம்மையார் திரையைப் பார்த்து, 'அவ்வளவுதானா?' என்றார். அவ்வளவுதான். மறுமாதமும் வந்தார். அடுத்த மாதம் தையற்காரரை அழைத்து வந்தார். ஆறு மாதத்துக்குள் பதினொருவர் ஆயினர்.

இது பரோபகாரந்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நம் தோட்டங்களின் பழங்கதையை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் விளங்கும்.

கங்காணி என்பவர் யார்? ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தவர்; ஆளுக்கொரு தலைக்காசு பெற்றவர்; அதனினும் முக்கியமாக, தொழிலாளிக்கும் பணத்துக்கும் நடுவே நின்றவர். இலங்கையில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருக்கும். அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அந்த ஆள் போய்ச் சேரலாம். அக்காகிதம் தொழிலாளியின் பெயரால் எழுதப்பட்டதேயொழிய, அவன் கையில் இருந்ததில்லை. 1921-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதற்கும் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், அங்கே காப்பித் தோட்டங்களில் அடையாளக் காசுகள் வழங்கின; தோட்டத்தின் பெயர் பொறித்த அவை அத்தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் வெறும் உலோகத் துண்டே. இங்கிலாந்தில் 1831-ஆம் வருஷத்துச் சட்டம், தொழிலாளிக்குச் சரக்காகவும் அடையாளச் சீட்டாகவும் கூலி கொடுப்பதைத் தடுத்தது. அரசாங்கத்தின் முத்திரையுள்ள காசு தன் கையில் விழவேண்டும் என்பதற்காகத் தொழிலாளர் உலகம் நெடுநாள் போராடியிருக்கிறது. அந்தக் காசின் சிறப்பு அதன் மினுமினுப்பில் இல்லை. அதைக் கொண்டு எவர் தயவுமின்றி எங்கும் போகலாம் என்பதில் இருந்தது.

இப்போது அதே காசுக்கு ஒருவர் தயவு வேண்டியிருக்கிறது. தயவு செய்கிறவர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது கேள்வி. கங்காணிகளிலும் நல்லவர் பலர் இருந்தனர். பிள்ளை பிறந்த வீட்டுக்கு நள்ளிரவில் மருத்துவச்சியை அழைத்து வந்தவர்களும் அவர்களே. முறை கெட்டதாயிருந்தமையால் அவர்களது நற்குணமும் தொழிலாளியை மேலும் கட்டவே உதவிற்று.

பதினொருவர் பணம் நம் கை வழியே போகத் தொடங்கியதும் என்ன நடந்தது என்பதைச் சொல்லுகிறோம். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துபோயிற்று. நமக்குத் தெரியும் என்பது லயத்துக்குத் தெரிந்துபோயிற்று. ஒருவர் வந்து, 'அந்தத் தையற்காரர் நம்மிடம் கைமாற்றுக் கேட்கிறார், கொடுத்தால் திரும்புமா? அவர் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது?' என்று விசாரித்தார். இன்னொருவர், தம் மனைவி கொடுக்கும் பணத்தை அனுப்புமுன் தமக்குச் சொல்லவேண்டும் என்றார். முறுக்குப் பிழியும் பெண் ஒரு மாதம் வராதிருந்து, மறுமாதம் வந்தபோது, வராமைக்குக் காரணம் சொல்லத் தொடங்கினாள். நாம் கேட்கவில்லை. தன் பணத்தைத் தான் சேமியாததற்கு நம்மிடம் சமாதானம் கூறவேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றிற்று? அந்த இடத்தில்தான் நமக்கு இவ்விஷயம் வெறும் சௌகரியக் குறைவாகத் தோன்றாமல் போயிற்று.

இதற்கிடையில் சட்டத்தின் பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. பிறர் பணத்தைத் தம் கணக்கு வழியாகக் கடத்துவோரை மலாயில் 'கெல்டாய்' என்கிறார்கள். கழுதை என்று பொருள். மோசக்காரர் பலர் இவ்வகைக் கணக்குகளால் ஏழைகளின் பணத்தைச் சூறையாடியமையால், 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு இதற்குத் தனிக் குற்றப்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அச்சட்டம் அவசியமானதே. வடை விற்ற காசை அனுப்பினவனைச் சட்டம் பிடித்துவிடும் என்று நாம் அஞ்சவுமில்லை. ஆயினும், மாதந்தோறும் பதினொரு பேருக்கு ஏன் பணம் போகிறது என்று ஒரு கணினிக்குச் சந்தேகம் எழுந்தால், அதற்கு விடை சொல்லும்வரை நம் சம்பளக் கணக்கு முடங்கிக் கிடக்கக்கூடும். ஏழைக்கு உதவுகிறவர் கள்ளனைப் போலத் தோன்றும்படி அமைந்த ஏற்பாட்டில் ஏதோ கோணல் இருக்கிறது.

'அவர்களே தானா ராத்தாவுக்குப் போய் ஒரு சாதாரண வங்கியில் கணக்குத் திறந்து, இயந்திரத்தில் போட்டு, அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாமே' என்பார் உளர். போகலாம். ரிங்லெட்டிலிருந்து 13 கிலோமீட்டர்தான். கசங்கிய நோட்டை இயந்திரம் துப்பும். சில்லறைக் காசை வாங்காது. வடைக்கார அம்மையாருக்கு ஒரு சனிக்கிழமை வியாபாரமும் போகும். அதுவும் ஆகட்டும் என்றாலும், சாதாரண வங்கியில் போட்டபின் அதிலேயே கிடக்கட்டுமே, புதிய வங்கி எதற்கு என்ற கேள்வி எழுகிறதல்லவா? அதிக வட்டி என்னும் பயன், ஏற்கெனவே கணக்கும் வாகனமும் ஓய்வும் உடையவர்க்கே எளிதிற் கிடைப்பதாய் முடிகிறது.

இன்னொரு கூட்டத்தார், 'ரொக்கமே பழைய காலத்துப் பொருள். கடையில் கட்டக்குறிப் பலகை ஒன்றை மாட்டிவிட்டால் வாடிக்கையாளர் கைப்பேசியால் பணம் செலுத்திவிடுவரே' என்கின்றனர். இது நல்ல யோசனை. அம்மையார் கடையிலும் அப்பலகை இப்போது தொங்குகிறது. ஈப்போவிலிருந்து வரும் இளைஞர் அதைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் காய்கறித் தோட்டத்து வங்காளதேசத் தொழிலாளி நோட்டைத்தான் நீட்டுகிறான். கோயிலுக்குப் போகும் பாட்டி காசைத்தான் கொடுக்கிறாள். அவர்களிடம் 'உங்கள் பணம் வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பெரிய வங்கிக்கு இருக்கலாம். ஒரு வடை விற்கிறவருக்கு இல்லை. அவர் விற்றாக வேண்டும். ஆகவே மேலே உள்ளவர் மறுத்த ரொக்கமெல்லாம் கீழே உள்ளவர் மடியில் வந்து சேருகிறது. அதை எண்ணுவதும், காப்பதும், சுமப்பதும் இப்போது அவர் செலவு. வங்கி மிச்சப்படுத்திய செலவு மறைந்துபோகவில்லை. கைமாறியிருக்கிறது என்பதே நமது கட்சி.

பிறநாட்டார் இதற்கு வழி காணாமலில்லை. பிரிட்டனில் கிளையில்லா வங்கியாகிய ஸ்டார்லிங், 2018 முதல் தபாலாபீஸ்களில் தன் வாடிக்கையாளரின் ரொக்கத்தை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது; மான்சோ என்னும் வங்கிக்காகத் தெருமுனைக் கடைகள் ரொக்கம் வாங்குகின்றன, தடவைக்கு ஒரு பவுன் கட்டணத்தில். ரொக்கம் பெரிதும் குறைந்துபோன சுவீடனில், பெரிய வங்கிகள் பணம் எடுக்கவும் போடவும் போதிய இடங்களை வைத்திருந்தே தீரவேண்டும் என்று 2021 முதல் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சலக வங்கியின் பணத்தைத் தபால்காரரே வீட்டு வாசலில் வாங்கிச் செல்லுகிறார். அந்நாட்டிலும் குறைகள் உண்டு; ஆயினும் வாங்குகிறவர் உத்தியோக முறையில் வாங்குகிறார், தயவாக அன்று.

நம் நாட்டிலும் இதற்கு வித்து இல்லாமலில்லை. தபாலாபீஸ் சேமிப்பு வங்கியின் வழித்தோன்றலாக 1974-இல் அமைந்த பேங்க் சிம்பானான் நேஷனல், மளிகைக் கடைக்காரரைத் தன் முகவராக வைத்துப் பணம் வாங்கிக் கொடுக்கும் முறையை நடத்தி வருகிறது. முகவர் வங்கிமுறைக்கு 2012-இல் பேங்க் நெகாரா விதிகளும் வகுத்தது. அத்தகைய கடைகளின் மேசையை மின்னிலக்க வங்கிகளும் பகிர்ந்துகொள்ளுமாறு செய்தால் என்ன? கூடம் கட்ட வேண்டாம். காவலர் வைக்க வேண்டாம். கடைக்காரருக்குக் கூலி வேண்டும், அவ்வளவே. 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தோட்டந் தோட்டமாகச் சென்று, துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்கத் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியபோது, அப்பணம் லயத்து வாசலில்தான் வாங்கப்பட்டது. பத்து வெள்ளியைத் தேடி மலையேறி வருவது அன்று அவமானமாக எவருக்கும் தோன்றவில்லை.

அதுவரையில் நாம் செய்வது யாதெனில், நோட்டை வாங்குமுன் இரட்டைத் தாள் வைத்த ஒரு ரசீதுப் புத்தகத்தில் தேதியும் தொகையும் எழுதி, அவர் கையெழுத்தும் நம் கையெழுத்தும் இட்டு, மேல்தாளை அவரிடமே கொடுத்துவிடுகிறோம். பிறர் கணக்கைப் பற்றி எவர் கேட்டாலும், புத்தகம் பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். பேங்க் சிம்பானானில் கணக்குத் திறக்க இசைந்த நால்வரை ஒரு ஞாயிறு நீங்கலாக ஒவ்வொருவராய் அழைத்துச் சென்றோம். அவர்கள் இப்போது நம்மிடம் வருவதில்லை. வழியிற் கண்டால் முன்னிலும் சற்று உரக்கப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தோம்.

வடைக்கார அம்மையார் இன்னும் வருகிறார். கடையிலேயே பணம் வாங்கும் முறை வந்தால், தடவைக்கு ஒரு வெள்ளி கட்டணம் கேட்டாலும் கொடுப்பீர்களா என்று அவரைக் கேட்டோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, 'ஒரு வெள்ளி கொடுக்கலாம் ஐயா. ஆனால் ரசீது அவர்கள் கொடுக்கவேண்டும், நீங்கள் அல்ல' என்றார். ரசீதில் பெயர் தமிழில் இருக்கவேண்டுமா என்றோம். பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் சரி, தொகை சரியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எண்ணெய் காய்கிறதென்று எழுந்து போனார்.